பேய் டிரெய்லரும் பெரியப்பாவின் மேனேஜ்மென்ட் கோட்டாவும்

"மகள் +2 கணிதப் பிரிவு. பள்ளி ஆண்டு விழாவுக்கு 90 விநாடிப் பேய்ப்பட டிரெய்லர் எடுத்தாள். அன்றிலிருந்து சினிமா, சினிமா என்கிறாள். 'மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு, எல்லாம் அடங்கிவிடும்' என்கிறார் என் அண்ணன்." விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார்.

அடங்காது. நாலு வருடமும் பல லட்சமும் போன பிறகு திரும்ப வரும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: டிரெய்லரைப் பலருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதி, மறுபடி வெட்டினாள். டைரக்டராக ஆசைப்படும் பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர். பார்த்தவர்கள் சொன்னதை நோட்டில் எழுதுகிறவர்கள் அபூர்வம். விளம்பர நிறுவனங்களிலும் சந்தை ஆய்விலும் இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை.

இந்த விடுமுறையில் அதை ஒழுங்காகச் செய்து பார்க்கட்டும். படம் யாருக்கு? 16 முதல் 20 வயது என்றால் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் காட்டிப் பயனில்லை, 'சூப்பர்மா' என்பார்கள். தோழிகளுக்குக் கதை முன்பே தெரியும்.  அறிமுகமில்லாத 24 பேரைப் பிடிக்கட்டும்.

பயம் ஒருவரிடம் ஒருமுறைதான் பலிக்கும். டிரெய்லரை இரண்டு வெர்ஷனாக வெட்டி, இரண்டையும் ஒரே ஆளுக்குக் காட்டினால் இரண்டாவது செத்துவிடும். எட்டுப் பேருக்கு முதல் வெர்ஷன், வேறு எட்டுப் பேருக்கு இரண்டாவது. மீதி எட்டுப் பேரைக் கடைசி வெர்ஷனுக்காகத் தொடாமல் வைக்க வேண்டும். வெர்ஷன்களுக்குள் ஒரே ஒரு வித்தியாசம் போதும்: ஒன்றில் அலறலுக்கு முன் ஒன்றரை விநாடி மௌனம், மற்றதில் இல்லை. இசையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

'பயமா இருந்துச்சா?' என்று கேட்கவே கூடாது; மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். 'என்ன கதைன்னு சொல்லுங்க', 'எந்த இடத்துல அடுத்து வரப்போறது தெரிஞ்சுபோச்சு?' இந்த இரண்டும் போதும். அனுமதி வாங்கி, பார்ப்பவர் முகத்தை இன்னொரு போனில் பதியலாம். 41ஆம் விநாடியில் ஐந்து பேரின் கண் திரையை விட்டு நழுவினால் அங்கே கத்தரி வைக்க வேண்டும். எட்டுப் பேரில் ஐந்து பேர் என்பதை '62.5 சதவீதம்' என்று எழுதினால் மட்டும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.

சத்தத்தில் ஒரு பொறி உண்டு. ஹெட்ஃபோனில் எடிட் செய்தபோது நடுங்கவைத்த 40 ஹெர்ட்ஸ் அடிக்குரல் உறுமல், போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதனுடன் 200 முதல் 400 ஹெர்ட்ஸில் ஒரு முனகலைச் சேர்த்தால் காது பிடிக்கும். இருட்டில் எடுத்த கொல்லைப்புறக் கிணற்றுக் காட்சியும் அப்படித்தான். பகல் வெளிச்சத்தில் போனில் பார்த்தால் வெறும் கறுப்பு. பார்ப்பவர்கள் 'புரியல' என்பதில் பாதி இதுவாக இருக்கும், கதை அல்ல.

கேமரா வாங்கித் தராதீர்கள். கையில் இருக்கும் போனும், ஒரு கணினியில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பும் போதும்.

24 பேரையும் முடித்த பின்னும் நோட்டு அலுக்கவில்லையா? அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல். மாதிரி எடுப்பது, சோதனையை வடிவமைப்பது, எட்டுப் பேரிடமிருந்து எவ்வளவு சொல்லலாம் என்பது எல்லாம் அங்கே பாடம். கணிதம் படித்த பிள்ளைக்கு வாசல் திறந்திருக்கிறது, கூட்டமும் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். நோட்டு அலுத்து, வெட்டுவது மட்டும்தான் பிடிக்கிறது என்றால் தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புப் பட்டம் இருக்கிறது. எது என்று அவள் சொல்லட்டும்.

கோட்டா சீட்டுக்குக் கடன் வாங்கலாம் என்று அண்ணன் சொல்வார். 7.5 லட்சம் வரை பிணை கேட்காமல் கல்விக்கடன் தரும் திட்டம் இருப்பது உண்மைதான்; கோட்டா சீட்டுக்கும் அது கிடைக்குமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டி உண்டு. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்களும் மகளும், பெரியப்பா அல்ல.