ரெஃபரன்ஸ் கேட்டார்கள், வேலையைக் காட்டவில்லை

கேள்வி: கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், ஆட்குறைப்பில் வேலை இழந்து சில மாதங்கள் ஆகின்றன. விளம்பரம் பார்த்து ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சியை அணுகினேன். எனக்கு மிகப் பொருத்தமான வேலை என்றார்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. முதல் சந்திப்பிலேயே முன்னாள் மேலாளர்கள் இருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், வேறு எங்கெல்லாம் நேர்காணலுக்குச் சென்றிருக்கிறேன் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம், அந்த வேலை நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது என்றார்கள். என் முன்னாள் மேலாளரை அவர்கள் அழைத்ததும், என்னைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அவருக்கு ஆட்கள் தேவைப்படுமா என்று விசாரித்ததும் பிறகுதான் தெரிந்தது. இப்போது, என் பயோடேட்டா சரியில்லை என்றும், கட்டணம் செலுத்தினால் அதைத் திருத்தி எழுதி நேர்காணல் பயிற்சியும் தருவதாகவும் சொல்கிறார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா? இனி ஏஜென்சிகளை நாடவே கூடாதா? கொடுத்த விவரங்களைத் திரும்பப் பெற முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஆம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அந்த விளம்பரத்துக்குப் பின்னால் வேலை என்று ஒன்று இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதில் உங்கள் திறமைக்கும் தகுதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல மாதங்களாக வேலை தேடுகிறவர் ஒவ்வொரு மறுப்பையும் தன் குறையாகவே எடுத்துக்கொள்வதுதான் இத்தகையவர்களுக்கு மிகவும் வசதியாகப் போய்விடுகிறது.

ஏஜென்சிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் நடந்தது விளங்கும். ஒருவரை வேலையில் அமர்த்தினால், அவருடைய முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கை, பெரும்பாலும் 15 முதல் 25 விழுக்காடு வரை, வேலை கொடுக்கும் நிறுவனம் ஏஜென்சிக்குக் கொடுக்கிறது. ஆள் சேராவிட்டால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. வேலைகள் தாராளமாக இருக்கும் காலத்தில் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குக் கடினம். மந்த காலத்தில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், வேலை தரும் நிறுவனத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அப்போது நேர்மையற்ற ஏஜென்ட் தேடுவது உங்களை அல்ல. எந்த நிறுவனத்தில் யார் ஆள் எடுக்கிறார் என்ற தகவலைத்தான். அந்தத் தகவல் உங்களிடம் இருக்கிறது.

அந்த முதல் சந்திப்பை இந்த வெளிச்சத்தில் மீண்டும் பாருங்கள். ரெஃபரன்ஸ் என்பது, ஒரு நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு அல்லது தேர்ந்தெடுக்கும் தறுவாயில், உங்கள் வேலையைப் பற்றி முன்பு உங்களை மேற்பார்வையிட்டவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதற்கானது. வேலையே இல்லாத கட்டத்தில் அதைக் கேட்டால், அது ஆள் எடுக்கும் அதிகாரம் உள்ளவரின் நேரடித் தொலைபேசி எண்ணைப் பெறும் வழியாகத்தான் இருக்கும். வேறு எங்கே நேர்காணல் முடித்தீர்கள் என்ற கேள்வி இன்னும் மோசமானது. ஒரே நிறுவனத்துக்கு உங்களை இரண்டு முறை அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறோம் என்று அக்கறையோடு சொல்வார்கள். நீங்கள் பெயரைச் சொன்ன மறுநாளே, அந்த நிறுவனத்தை அழைத்து அதே பணியிடத்துக்கு வேறு நான்கு பேரை அனுப்பி வைப்பார்கள். உங்களுக்கு இருந்த வாய்ப்பில் நீங்களே போட்டியாளர்களைக் கூட்டிக்கொண்டதாக ஆகிவிடும். உண்மையாகவே இரட்டை விண்ணப்பத்தைத் தவிர்க்க வேண்டுமானால், அவர்கள் உங்களை அனுப்ப நினைக்கும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லட்டும். அங்கே ஏற்கெனவே விண்ணப்பித்தீர்களா இல்லையா என்று நீங்கள் சொன்னால் போதும்.

இல்லாத வேலைக்கு விளம்பரம் செய்வது அரிய நிகழ்வும் அல்ல, சட்டத்தின் கண்ணில் படாத ஒன்றும் அல்ல. பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டின் ஏஜென்சி நடத்தை விதிகள், குறிப்பிட்ட பணியிடத்தைப் பற்றிய விவரமும், அதற்கு ஆள் தேட அந்த நிறுவனம் கொடுத்த அனுமதியும் கையில் இல்லாமல் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. பயிற்சி போன்ற வேறு சேவைகளை வாங்கினால்தான் வேலை தேடித் தருவோம் என்று நிபந்தனை விதிப்பதையும் அதே விதிகள் தடுக்கின்றன. உங்களுக்கு நேர்ந்த இரண்டும் அவற்றில் இருக்கின்றன.

கட்டணத்தைப் பொறுத்தவரை என் பதில் ஒரே சொல்தான்: கொடுக்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் ஏற்றுக்கொண்ட 181-ஆவது உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, தனியார் ஏஜென்சிகள் வேலை தேடுவோரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுமையாகவோ பகுதியாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. சில வகைத் தொழிலாளர்களுக்கும் சில சேவைகளுக்கும் அரசுகள் விலக்கு அளிக்கலாம் என்பதாலும், எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை என்பதாலும், உங்கள் நாட்டின் சட்டத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. ஆனால் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில்கூட, முதல் நாளில் மிகப் பொருத்தமானவர் என்று உங்களைப் பாராட்டிய அதே வாய், பிறகு பயோடேட்டா சரியில்லை என்று சொல்லிப் பணம் கேட்டால், அது ஆலோசனை அல்ல. பதிவுக் கட்டணம், டெபாசிட், சான்றிதழ் சரிபார்ப்புச் செலவு என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது ஒன்றே. அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஏஜென்சிகள், கையில் கிடைத்த பயோடேட்டாவை உங்களைக் கேட்காமலேயே பல நிறுவனங்களுக்கு அனுப்பிவிடும். பின்னர் நீங்கள் நேரடியாகவோ வேறு ஏஜென்சி வழியாகவோ அங்கே விண்ணப்பித்தால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும் என்று அஞ்சி, அந்த நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தையே ஒதுக்கிவைக்கக் கூடும். காரணம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இதற்காக எல்லா ஏஜென்சிகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. நேர்மையாக நடப்பவர்கள் இருக்கிறார்கள்; சில நிறுவனங்கள் அவர்கள் வழியாக மட்டுமே ஆள் எடுக்கின்றன. நல்ல ஏஜென்ட், வேலையின் பொறுப்புகள், சம்பள வரம்பு, அந்த இடம் ஏன் காலியானது ஆகியவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்வார். நிறுவனத்தின் பெயரை முதல் பேச்சிலேயே சொல்லாவிட்டாலும், பயோடேட்டாவை அனுப்பும் முன் சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்பார். இனி யாரிடம் சென்றாலும், "நிறுவனத்தின் பெயரையும் பணியிடத்தையும் தெரிவித்து, நான் எழுத்தில் சம்மதித்த பிறகே என் பயோடேட்டாவை அனுப்பவும். நேர்காணல் முடிந்து நிறுவனம் விருப்பம் தெரிவித்த பின் ரெஃபரன்ஸ் தருகிறேன்" என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். இதை ஏற்க மறுப்பவரிடம் உங்களுக்கான வேலை இல்லை என்று நான் துணிந்து சொல்வேன்.

ஏற்கெனவே கொடுத்த விவரங்களை முழுவதும் மீட்க முடியும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். தொலைபேசி எண் ஒருவர் கைக்குப் போய்விட்டால் போனதுதான். ஆனால் என்னென்ன விவரங்களை வைத்திருக்கிறார்கள், யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அனைத்தையும் அழித்துவிட்டு உறுதிப்படுத்தும்படியும் கோருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இரு உரிமைகளையும் வழங்குகிறது; வேறு பல நாடுகளிலும் இதையொத்த சட்டங்கள் உள்ளன. உங்கள் முன்னாள் மேலாளர்கள் இருவருக்கும் நடந்ததைச் சுருக்கமாக எழுதி, இனி உங்கள் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும் உங்களிடம் உறுதி செய்துகொண்ட பிறகே பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வருந்துவார்களே தவிர, உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் நேரடியாக விண்ணப்பித்த நிறுவனங்களின் பெயர்களையும் அந்த ஏஜென்சியிடம் சொல்லிவிட்டதால், அவற்றுக்கு அனுப்பிய விண்ணப்ப மின்னஞ்சல்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். உங்களை அறிமுகம் செய்ததே தாங்கள்தான் என்று ஏஜென்சி பின்னாளில் எங்காவது உரிமை கொண்டாடினால், அந்தத் தேதிகளை நிறுவனத்திடம் காட்டலாம்.