லாட்டரிச் சீட்டில் டோக்கன் பங்கு: போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கிரிப்டோ வாங்கி விற்கும் பழக்கம் உண்டு. டெலிகிராம் குழு ஒன்றில் எல்லோரிடமும் யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் கிரிப்டோ நாணயம்) வசூலித்து, பாலக்காட்டில் கேரள ஓணம் பம்பர் சீட்டுகளை மொத்தமாக வாங்குவதாகச் சொன்னார்கள். போட்ட தொகைக்கு ஏற்ப 'பங்கு டோக்கன்' தருவார்கள். பரிசு விழுந்தால் பங்குக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். குலுக்கலுக்கு முன்பே டோக்கனை வேறு யாருக்காவது விற்றும் விடலாம். நான் 1,80,000 ரூபாய் மதிப்புக்குப் போட்டேன். என்னை நம்பி மச்சான் 40,000 போட்டார். அவரைச் சேர்த்ததற்கு எனக்குக் கமிஷனாகக் கொஞ்சம் டோக்கன் வந்தது. இப்போது டோக்கனை வாங்க ஆளில்லை. அட்மினைக் கேட்டால், 'அடுத்த பம்பர் வரை பொறுங்கள், இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துவிடுங்கள்' என்கிறார். இது சட்டப்படி சரியா? பணம் திரும்புமா? என் மேல் கேஸ் வருமா?

பதில்: அந்தப் பத்துப் பேரைச் சேர்க்காதீர்கள். ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள். இன்றைய நிலையில் நீங்கள் பணம் இழந்தவர். இனிமேல் தெரிந்தே ஆள் சேர்த்தால், போலீஸ் உங்களை அட்மினின் கூட்டாளியாகத்தான் பார்க்கும்.

கூட்டுச் சேர்ந்து லாட்டரிச் சீட்டு வாங்குவதே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023-இல் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடியில் குப்பை சேகரிக்கும் பெண்கள் 11 பேர் காசு போட்டு 250 ரூபாய்க்கு ஒரு மழைக்கால பம்பர் சீட்டு வாங்கினார்கள். 10 கோடி விழுந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. சீட்டு கேரள அரசுடையது, வாங்கியது கேரளத்தில், போட்டவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், சீட்டும் அவர்கள் கையிலேயே இருந்தது. உங்கள் குழுவில் இந்த நான்கில் எது உறுதி? சீட்டு வாங்கினார்களா என்பதே உங்களுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. 1998-ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 5, பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் விற்கக் கூடாதென்று தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 1999-இல் சொல்லிவிட்டது. வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய், உங்களுக்காக ஒரு சீட்டு வாங்கினால் அது குற்றமில்லை. அதே சீட்டையோ அதன் பங்கையோ கோவையில் உட்கார்ந்து கைமாற்றுவது வேறு விஷயம். சட்டத்தை மீறிய லாட்டரிக்கு முகவராக இருப்பவர், விற்பவர், வாங்குபவர் எல்லோருக்கும் பிரிவு 7-இல் 2 ஆண்டு வரை கடுங்காவலோ அபராதமோ இரண்டுமோ உண்டு. பிணையை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் அது. 'நாங்கள் விற்பது டோக்கன், சீட்டில்லை' என்று அட்மின் வாதிடலாம். பெயரைப் பார்க்காமல் கைமாறுவது என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும் என்பது என் கருத்து. தவிர, கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டுமே. ஆன்லைன் விற்பனை அதற்குக் கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) சட்டத்தில் இருக்கிறது. பலரிடம் திரட்டிய பணம், லாப எதிர்பார்ப்பு, எல்லோர் சார்பிலும் ஒருவர் நிர்வகிப்பது, அன்றாட நடத்தையில் பணம் போட்டவருக்குப் பிடி இல்லாதது. இந்த நான்கும் சேர்ந்தால் 11ஏஏ பிரிவின்படி அது கூட்டு முதலீட்டுத் திட்டம். செபியில் பதியாமல் நடத்தினால் 10 ஆண்டு வரை சிறை, 25 கோடி வரை அபராதம். நிலம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லிக் கோடிக்கணக்கானவர்களிடம் வசூலித்த பிஏசிஎல் நிறுவன விவகாரத்திலும் இதே பிரிவின் கீழ்தான் செபி நடவடிக்கை எடுத்தது. பங்கை விற்று வாங்கலாம் என்ற வசதிதான் உங்களை இழுத்திருக்கும். சட்டத்தின் கண்ணில், திட்டத்தை முதலீடாகக் காட்டிக்கொடுப்பதே அந்த வசதிதான்.

பரிசு விழுந்தால் என்ன ஆகும்? சீட்டின் பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டுச் சீட்டை ஒப்படைப்பவரைத்தான் கேரள லாட்டரித் துறை அறியும். உங்கள் டோக்கன் அங்கே செல்லாது. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தபோது, சீட்டு கள்ளச்சந்தையில் வாங்கியது என்று உடனே புகார் கிளம்பியது. பரிசு பெரிதாக இருந்தால் இப்படித்தான் எல்லாத் திசையிலிருந்தும் கேள்வி வரும்.

குழு தந்த திட்ட அறிக்கையில் 25 கோடிப் பரிசை அப்படியே பங்குகளால் வகுத்துக் காட்டியிருப்பார்கள். முகவர் கமிஷன் 10 சதவீதமும் மீதியில் 30 சதவீத வரிப்பிடித்தமும் போனால் 15.75 கோடிதான் மிஞ்சும், சர்சார்ஜ் (கூடுதல் வரி) தனி. டோக்கனை விற்று லாபம் பார்த்தால் அதற்கும் 30 சதவீத வரி. நஷ்டமானால் வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது.

இனி உங்கள் பணம். சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23 சொல்வதால், 'பேசியபடி என் பங்கைக் கொடு' என்று சிவில் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். 'சீட்டு வாங்குவதாகப் பொய் சொல்லி ஏமாற்றினார்கள்' என்பதுதான் உங்களுக்குப் பலமான வழி. பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு, மோசடி. கிரிப்டோவும் சொத்துதான், ஒருவரிடம் நம்பிக்கைப் பொறுப்பில் ஒப்படைக்கக்கூடியதுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தொடர்பான வழக்கில் கூறியிருப்பது உங்களுக்குத் துணை. ஆனாலும் முழுத் தொகையும் வந்துவிடும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. யூஎஸ்டிடி இந்திய எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) ஒன்றின் கணக்கில் நின்றால் போலீஸ் முடக்கலாம். வெளிநாட்டு வாலட்டுக்கு (கிரிப்டோ வைக்கும் கணக்கு) போய்விட்டால் மிகக் கஷ்டம். அதனால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

அட்மினிடம் கோபப்படுவதற்கு முன் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். கோபம் தெரிந்த மறுநிமிடம் குழுவே காணாமல் போய்விடும். டெலிகிராம் உரையாடல் முழுவதையும் தேதியுடன் இறக்கி வையுங்கள். அனுப்பிய வாலட் முகவரி, ஒவ்வொரு பரிமாற்றத்தின் ஹாஷ் எண் (அதன் அடையாளக் குறியீடு), யூஎஸ்டிடி வாங்கிய வங்கிக் கணக்கு விவரம், திட்ட அறிக்கை எல்லாம் வேண்டும். அதன் பிறகு, வாங்கிய சீட்டுகளின் வரிசை எண்களைப் படத்துடன் அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஆதாரம். இதற்காகப் புகாரைத் தள்ளிப்போடாமல், ஒரு நாளுக்குள் சைபர் மோசடி உதவி எண் 1930-இல் சொல்லுங்கள். எழுத்துப் புகாரைக் கோவை சைபர் குற்றப் பிரிவில் கொடுங்கள்.

கையிலிருக்கும் டோக்கனை விவரம் தெரியாத ஒருவர் தலையில் கட்டி வெளியேறும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவர் கொடுக்கும் புகாரில் முதலில் குற்றம் சாட்டப்படுபவர் நீங்கள்தான்.

மச்சானிடம் உள்ளதைச் சொல்லி, இருவரும் சேர்ந்து புகார் கொடுங்கள். முடிந்தால் அவருடைய 40,000-ஐத் தவணையிலாவது நீங்களே திருப்பிக் கொடுங்கள். சட்டக் கடமை என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் உங்களுக்கு எதிராகப் போகாமல் சாட்சியாக நிற்பது வழக்கில் பெரிய வித்தியாசம். கமிஷன் டோக்கன் வந்ததைப் புகாரில் மறைக்காதீர்கள். பரிமாற்றங்களைப் பதியும் பிளாக்செயினில் அது பதிவாகியிருக்கும். எந்தத் தேதியில், எவ்வளவு, விற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டேஷனுக்குப் போகுமுன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் புகாரின் வரைவைக் காட்டி, முன்ஜாமீன் மனு தேவைப்படுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.