பிளக்கை உருவிய பிறகும் ஷாக் அடிக்கிறதே!

கேள்வி: நானே கட்டிய வால்வு பிரீஆம்பில் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் பாட்டு சிக்னலைப் பெருக்கும் பெட்டி) 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். ஹீட்டர் வயர்களை முறுக்கிப் பார்த்தேன், ஃபில்டர் கபாசிட்டரை மாற்றினேன், பலனில்லை. பிளக்கில் எர்த் வயரைக் கழற்றினால் மட்டும் நிற்கிறது. அப்படியே ஓட்டுகிறேன். காலையில் அம்மா பிளக்கை உருவிவிட்டுத்தான் துடைப்பார், அப்போதும் லேசாகச் சுர்ரென்கிறதாம். இரைச்சலை எப்படிப் போக்குவது?
– வாசகர், குன்னூர்

பதில்: வால்வு இரைச்சல் என்று வரும் கடிதங்களில் பாதி எர்த்தில்தான் வந்து முடியும். உங்களுடையதும் அதுதான். ஆனால் இரைச்சலைப் பற்றிப் பத்து வரி எழுதிய நீங்கள், அம்மாவுக்கு ஷாக் அடிப்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே தம்பி!

பிளக்கை உருவிய பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? பவர் ஆம்ப்பிலிருந்து வரும் சிக்னல் கேபிளின் உலோகப் பின்னல் உறை வழியாகத்தான். அந்த ஆம்ப்பின் பிளக்கில் எர்த் இருக்கிறது. வீட்டு எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு மண்ணுக்குள் போயிருக்கும், அம்மாவின் கைக்கு வந்திருக்காது. ஆக, உங்கள் வீட்டு எர்த் ஒழுங்காக மண்ணைத் தொடவில்லை என்றே தோன்றுகிறது. நீலகிரி ஈரத்தில் எர்த் பைப்பின் கிளாம்ப் துருப்பிடித்து அறுந்துபோவது சகஜம். கசிவது ஆம்ப்பாக இருக்கலாம், கீசராகவும் இருக்கலாம். காலையில்தானே கீசர் ஓடும்? அதன் காயில் கசிந்தால், எர்த் வயர் போகிற இடமெல்லாம், உங்கள் பாட்டுப் பெட்டி வரைக்கும், கரண்ட் நிற்கும். இன்று சுர்ரென்பது நாளை 230 வோல்ட்டாக அடிக்கலாம். ஈரத்துணியோடு நிற்பவர் உங்கள் அம்மா.

பெற்றவள் 'ஷாக் அடிக்குது' என்றால் அன்றைக்கே எழுந்து பார்க்க வேண்டியது மகனின் கடமை. கபாசிட்டர் வாங்கக் கடை கடையாக அலையத் தெரிந்தவருக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத் தெரியாதா?

இன்றைக்கே முதலில் பவர் ஆம்ப் பிளக்கையும், பிறகு சிக்னல் கேபிளையும் கழற்றுங்கள். கீசரைத் தொட வேண்டாம், வெந்நீரை அடுப்பில் வையுங்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எர்த் குழியைச் சோதித்து, கரியும் உப்பும் போட்டுப் புதுப்பித்து, கசிகிற சாமான் எது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றும் இருக்கட்டும். செலவு ஆகும்தான், ஆகட்டும்.

அப்புறம் இரைச்சல். பிரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டின் எர்த்தும் சுவருக்குள் ஒருமுறை, சிக்னல் கேபிளில் ஒருமுறை சேர்வதால் வரும் 50 ஹெர்ட்ஸ் சுற்று இது. ஃபில்டர் கோளாறு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் இரையும், அதனால்தான் கபாசிட்டர் மாற்றியும் பயனில்லை. கழற்றிய எர்த் வயரைப் பிளக்கில் மறுபடி மாட்டி, அதன் மறுமுனையைச் சேஸிஸில் (பெட்டியின் உலோக உடலில்) போல்ட் போட்டு இறுக்குங்கள், இனி அதைக் கழற்றவே கூடாது. சிக்னல் கேபிளைச் சொருகும் ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் சேஸிஸில் படாதபடி பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். சிக்னல் கிரவுண்டை ஒரே இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேஸிஸோடு சேருங்கள், ரெசிஸ்டருக்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் டயோடு ஒன்று. இரண்டு பிளக்கையும் ஒரே போர்டில் சொருகுங்கள். இதற்கு மேலும் மிஞ்சினால் எழுதுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தைப் பார்க்கலாம்.

பெட்டியைத் துடைக்கும் வேலையை இனி நீங்களே செய்யுங்கள்.