துர்க்மென்பாஷியின் நாடு: கேள்வி பதில்

துர்க்மெனிஸ்தானை 1985 முதல் 2006-இல் சாகும்வரை ஆண்டவர், 'துர்க்மென்பாஷி' (துர்க்மென்களின் தலைவர்) என்ற பட்டப்பெயர் கொண்ட சபர்முராத் நியாசோவ் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ராணுவப் புரட்சி எதுவும் இல்லாமல் ஆட்சியை எப்படிப் பிடித்தார்?

பதில்: பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. சோவியத் காலத்திலேயே அங்கே கட்சியின் முதல் செயலாளர் அவர்தான். 1991-இல் யூனியன் உடைந்ததும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 'ஜனநாயகக் கட்சி' என்று பெயர்ப்பலகை மாறியது; உள்ளே இருந்த ஆட்கள் மாறவில்லை. 1992 தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை, 99.5 சதவீத வாக்கு. 1994-இல் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பதவியை 2002 வரை நீட்டித்தார். 1999-இல் அந்தக் கெடுவும் போய்விட்டது. ஒவ்வொரு படிக்கும் கையில் ஒரு சட்டத்தாள் இருந்ததைக் கவனியுங்கள்.

கேள்வி: சூரியனைப் பார்த்துச் சுழலும் தங்கச் சிலை, மாதங்களுக்குப் புதுப்பெயர்... ஆள் பைத்தியமா?

பதில்: எல்லாம் நடந்ததுதான். 2002-இல் ஜனவரிக்கு அவருடைய பட்டப்பெயர், ஏப்ரலுக்கு அவர் அம்மாவின் பெயர். பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போனால் விஷயம் கைநழுவிவிடும். தேதி சொல்லும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். தயங்குகிறவன் உடனே தெரிந்துவிடுவான். அவர் பெயரில் வந்த 'ருஹ்நாமா' என்ற புத்தகத்தைப் படித்துத் தேறாமல் ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது.

கேள்வி: அமைச்சர்கள் யாரும் எதிர்க்கவில்லையா?

பதில்: காலூன்ற விட்டால்தானே! தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கத் திட்டித்தான் பதவியைப் பறிப்பார். 2002 நவம்பரில் அவருடைய வாகன அணி மீது துப்பாக்கிச் சூடு என்று அரசு அறிவித்தது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஷிக்முராதோவ் திரையில் தோன்றி 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்'. ஆயுள் தண்டனை.

கேள்வி: மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்?

பதில்: பயம் ஒன்று. எரிவாயு, மின்சாரம், தண்ணீர், உப்பு எல்லாம் 1993 முதல் இலவசமாகக் கிடைத்தது இன்னொன்று. மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பள்ளிப் படிப்பை ஒன்பது ஆண்டாகக் குறைத்தார், அறிவியல் கழகத்தை மூடினார், 2004-இல் சுமார் 15,000 மருத்துவப் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார். கேள்வி கேட்கும் தலைமுறை உருவாகவே வழியில்லை. என்னைக் கேட்டால், சிலையைவிட இதுதான் பெரிய கொடுமை.

கேள்வி: அவர் போனபின் மாறியதா?

பதில்: அரசமைப்புப்படி நாடாளுமன்றத் தலைவர்தான் தற்காலிக அதிபராகியிருக்க வேண்டும், அவர்மேல் உடனே வழக்குப் பாய்ந்தது. முன்னாள் பல்மருத்துவர் பெர்திமுகமதோவ் வந்து உட்கார்ந்தார். மாதப் பெயர்களைப் பழையபடி ஆக்கினார், சுழலும் சிலையைத் தலைநகர் அஷ்காபாத்தின் ஓரத்துக்குத் தள்ளினார். 2015-இல் அஷ்காபாத்தில் புதிதாக ஒரு தங்கச் சிலை எழுந்தது, குதிரைமேல் பெர்திமுகமதோவ். 2022 முதல் அவர் மகன் அதிபர்.