போர்டோ கலவை அடித்ததும் இலை கருகிவிட்டது. காப்பர் மருந்தே இனி வேண்டாமா?

மருந்தை விட வேண்டாம். முதலில் சுண்ணாம்பைப் பாருங்கள்.

தொட்டியில் தக்காளி, கொல்லையில் ரெண்டு எலுமிச்சை, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் வாங்கிக் கலந்து பூஞ்சாணத்துக்கு அடித்தேன், மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சுண்ணாம்பு என்று சொல்லவில்லை. பெயிண்ட் கடையில் தொங்கும் பாக்கெட் சுண்ணாம்பாகத்தான் இருக்கும் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வி கேட்கிற முக்கால்வாசிப் பேர் கதை அதுதான்.

எங்களுக்குத் தேனி மாவட்டம் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து மருந்து கலக்குவது என் கைதான். அடிக்கிறது ஆம்பளையாட்கள். விவசாயக் கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை, அதனால் வேதியியல் படித்தவர்கள் வந்து வாய்பாடு கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. துத்தத்தில் கால்வாசிதான் செம்பு. அதை வெறும் தண்ணீரில் கரைத்து அடித்தால் பூஞ்சாணமும் சாகும், இலையும் வேகும். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் அந்தச் செம்பு கரையாத நீலப் படிவாக மாறி இலையில் ஒட்டி உட்காரும். பனியும் தூறலும் படப்படக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சுண்ணாம்பு செத்துப்போனதாக இருந்தால் கரைந்த செம்பு மிச்சம் நிற்கும். உங்கள் இலையைக் கருக்கியது அந்த மிச்சம்தான்.

ஒரு வருஷம் ஐப்பசியில் எங்கள் ஊரில் இதுவே பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. காவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது, முடிந்து தளிர் நாலு விரல் நீளம் வந்த நேரம். அடைமழை. அடிச்சாம்பல் என்கிற பூஞ்சாண நோய் வர அதைவிட நல்ல காலம் கிடையாது. இன்றைக்கு இலைக்கு மேலே எண்ணெய்ப் பொட்டு மாதிரி தெரிந்தால் நாலு நாளில் அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். கடையில் ஏற்கனவே வாய் பிரித்து வைத்த மூட்டையிலிருந்து சுண்ணாம்பு அள்ளிக் கொடுத்தார்கள். நானும் வாங்கினேன், என் கொழுந்தனும் வாங்கினார்.

நல்ல கற்சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் உஸ்ஸென்று சீறும், கொதிக்கும், கல் வெடித்து மாவாகும், பானையைத் தொட முடியாது. இது தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. காற்றுப் பட்டுப் பட்டுச் செத்த சுண்ணாம்பு. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கொஞ்சம் கலந்து காட்டினால்தான் நம்புவார்கள் என்று ஒரு வாளி கலந்தேன். கருக்கரிவாளைக் கல்லில் நன்றாகத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று ஆன பிறகு வாளியில் முக்கிப் பிடித்தேன். வெளியே எடுத்தால் முனையிலிருந்து பாதி வரை செக்கச்செவேலென்று செம்பு பூசியிருக்கிறது. புதுச் செம்புக் குடத்தின் நிறம். கரைந்த செம்பு மிச்சம் நின்றால் இரும்பில் இப்படி ஒட்டும். கொழுந்தன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "துருவா இருக்கும் மதினி"ன்னார். மறுபடி தேய்த்து மறுபடி முக்கினேன். மறுபடியும் சிவப்பு. "சுண்ணாம்புன்னா சுண்ணாம்புதான, இதுல என்ன நல்லது கெட்டது"ன்னு சொல்லிவிட்டு அவர் போய் அடித்துவிட்டார். நான் எங்கள் ஆட்களை டேங்க்கைத் தூக்க விடவில்லை. நின்ற ஆளுக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன். வீட்டில் திட்டு. மறுநாள் காளவாசலிலிருந்தே கல் வரவழைத்து அடித்தோம்.

அவர் பந்தலில் தளிரெல்லாம் இஸ்திரிப்பெட்டி வைத்த மாதிரி ஓரம் சுருண்டு போனது. எங்களது தப்பியது. இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், "காப்பர் அடிச்சேன், வெயில்ல கருக்கிருச்சு" என்று அவர் ஊரெல்லாம் சொன்னதுதான். வானம் மூடிக் கிடந்த வாரத்தில் ஏதுங்க வெயில்? உண்மையில் ஈரம் காயாத குளிர் நாளில்தான் காப்பர் இன்னும் அதிகமாகக் கருக்கும். அடித்தது சீக்கிரம் காய வேண்டும். காலையில் பனி வடிந்தபின் அடிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

சொந்தக்காரரைப் பற்றிப் பொதுவில் எழுதலாமா என்று யாராவது கேட்பீர்கள். பெயர் போடவில்லை. மனுசன் தங்கமான ஆள், மருந்து விஷயத்தில் மட்டும் அப்படி.

இதைவிட மனசில் கிடப்பது வேறு ஒன்று. மருந்து தெளிக்கும் பயிற்சி என்று ஓரிடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டு, வருகைப் பதிவில் அவர் பெயரை எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பட்டா அவர் பெயரில் இருக்கிறதாம், ஆகையால் விவசாயி அவர்தானாம். கடைசியில் கொடுத்த கைத்தெளிப்பானும் அவர் கணக்கில். அவருக்குத் துத்தம் எத்தனை, சுண்ணாம்பு எத்தனை என்று இன்றைக்கும் தெரியாது. சரி, நீங்கள் கேட்டது அது இல்லை.

100 லிட்டருக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இதுதான் ஒரு சத போர்டோ. உங்களுக்கு 10 லிட்டர் போதுமென்றால் நூறு கிராம், நூறு கிராம். துத்தத்தைத் துணியில் முடிந்து 5 லிட்டர் தண்ணீரில் மேலாகத் தொங்கவிட்டால் ராத்திரியில் தானாகக் கரைந்துவிடும். அடியில் போட்டால் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக் வாளி, மண்பானை எதுவானாலும் சரி, இரும்புப் பாத்திரம் ஆகாது. கற்சுண்ணாம்பைத் தனியே தண்ணீர் தெளித்து நீற்றி, ஆறவிட்டு, மீதி 5 லிட்டரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். நீற்றும்போது முகத்தைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிறகு சுண்ணாம்புத் தண்ணீரைக் கிண்டிக்கொண்டே துத்தத் தண்ணீரை அதில் மெதுவாக ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் பொடி தடித்து அடியில் தங்கி நாசிலை அடைக்கும். சரியாக வந்தால் வானத்து நீலத்தில், தயிர்த் தண்ணீர் மாதிரி மெத்தென்று இருக்கும். கடைசியில் அரிவாளோ புது ஆணியோ முக்கிப் பாருங்கள். சிவந்தால் இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர். கற்சுண்ணாம்பு கிடைக்காமல் நீர்த்த சுண்ணாம்புத் தூள்தான் என்றால், புதுப் பாக்கெட்டாக வாங்கி நூறுக்கு நூற்று முப்பது போடுங்கள்.

கலந்ததை அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும். மறுநாள் அது வெறும் நீலச் சேறு. வேறு பூச்சிமருந்தையோ, சூடோமோனாஸ் என்கிற நல்ல நுண்ணுயிர் மருந்தையோ இதோடு சேர்க்காதீர்கள். சுண்ணாம்புக் காரத்தில் பல பூச்சிமருந்து கெட்டுவிடும், நுண்ணுயிரைச் செம்பு கொன்றுவிடும். இலைக்கு அடிப்பக்கம் நனைய வேண்டும். பந்தலில் நாங்கள் அண்ணாந்துதான் அடிக்கிறோம்; ஆட்களின் காதுமடலும் புருவமும் நீலமாகிவிடும். கண்ணாடி போடச் சொன்னால் போட மாட்டார்கள். நீங்களாவது போடுங்கள்.

இன்னொன்று, இது வருமுன் காக்கிற மருந்து. இலைக்குள் நுழைந்த நோயை இது வெளியே இழுக்காது. பூவிலும் அடிக்காதீர்கள். பிஞ்சு மிளகு அளவு தாண்டினால் நான் திராட்சையில் நிறுத்திவிடுவேன், பழத்தில் நீலக்கறை இருந்தால் வியாபாரி கைவைக்க மாட்டான்.

"விஷத்தை விற்கிறாள்" என்று இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் வருவார்கள். போர்டோவை ஐரோப்பாவின் இயற்கைத் தோட்டங்களிலேயே அனுமதிக்கிறார்கள். ஆனால் கணக்கு வைத்துத்தான்: ஹெக்டேருக்கு 7 வருஷத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் போகக்கூடாது. ஏனென்றால் செம்பு மட்காது, மண்ணிலேயே தங்கும், மண்புழுவுக்கு ஆகாது. ஆகவே வாராவாரம் அடிக்கிற ஆள் நான் இல்லை. இது பிறந்ததே பிரான்சில் திராட்சைத் தோட்டத்தில்தான். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை கொட்டாமல் நிற்பதை 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் பார்த்தார், 1885இல் எழுதினார். எங்கள் பன்னீர் திராட்சையையும் பிரெஞ்சுப் பாதிரியார்தான் கொண்டுவந்தார் என்பார்கள். பழமும் மருந்தும் ஒரே ஊர்ச் சம்பந்தம்.

உண்மையைச் சொன்னால், நாலு தொட்டிக்கும் ரெண்டு மரத்துக்கும் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காப்பர் ஆக்ஸி குளோரைடு பாக்கெட் வாங்கி லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து அடியுங்கள், தக்காளிக்கு அது போதும். பறிப்பதற்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், அதன்படி விட்டு, கழுவிச் சாப்பிடுங்கள். மிச்ச மருந்தைக் குளம், வாய்க்கால் பக்கம் கொட்டாதீர்கள், மீன் செத்துவிடும். துத்தக் கட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், கற்கண்டு மாதிரிதான் இருக்கும். கருகின இலை திரும்பாது. புதுத் தளிர் வரும் வரை எதையும் அடிக்காமல் விடுங்கள்.

எலுமிச்சையில் பட்டை வெடித்துப் பிசின் வடிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வடிந்தால் தெளிப்பு உதவாது. கெட்ட பட்டையைச் சுரண்டிவிட்டு போர்டோ பசை பூச வேண்டும்: துத்தம் நூறு கிராம், சுண்ணாம்பு நூறு கிராம், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர். அதற்கு மட்டும் கற்சுண்ணாம்பு தேடித்தான் ஆக வேண்டும்.