மலிவு எஸ்.எம்.பி.எஸ். போடலாமா? கேள்வி பதில்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் கேட்டவை இவை. எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஏற்ற சிறு வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி.

அண்ணே, கேபினட்டோடு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். சும்மாவே வருகிறது. ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு போடப் போகிறேன். தாங்குமா? (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

தாங்காது தம்பி. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 450-ஐ விட்டுவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். அங்கே 16 என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 192 வாட்தான் வருகிறது. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. 3060 கார்டுக்கு மட்டுமே 170 வாட் வேண்டும். பிராசஸருக்கு 65 என்று எழுதியிருந்தாலும் பூஸ்ட் ஆகும்போது, அதாவது வேகம் தானாக ஏறும்போது, அதைத் தாண்டும். இரண்டையும் கூட்டினாலே 235 ஆகிவிட்டது, இன்னும் ஃபேன், டிஸ்க், மதர்போர்டு எதையும் சேர்க்கவில்லை.

சரி, மீதி வாட் எங்கே போனது? 3.3 வோல்ட், 5 வோல்ட் கட்டங்களில் இருக்கிறது. இப்போதைய கம்ப்யூட்டரில் அவற்றுக்குப் பெரிய வேலை கிடையாது. ஆனாலும் எல்லாவற்றையும் கூட்டி 450 என்று அச்சடித்துவிடுகிறார்கள். ஒழுங்கான 550 வாட் யூனிட்டில் 12 வோல்ட்டில் மட்டும் 45 ஆம்பியர் வரை இருக்கும். கார்டின் கம்பெனியான என்விடியாவும் இந்தக் கார்டுக்கு 550 வாட் என்றுதான் சொல்கிறது. அதை வாங்குங்கள். காசு பற்றவில்லை என்றால் லைட் எரியும் கேபினட்டை விட்டுவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் வயர் இல்லை. டிஸ்க்குக்கான சாட்டா வயரிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் கொடுத்தார்கள். போடட்டுமா? (அதே மாணவர்)

கூடவே கூடாது. 8 பின் 150 வாட்டுக்கானது. சாட்டா பவர் பின் 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது முதலில் அந்தக் கனெக்டர்தான் உருகும். பிளாஸ்டிக் மஞ்சள் வயர் பக்கமாக நிறம் மாறியிருந்தால் உருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தவிர, தேவையான வயரே இல்லாத எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கார்டுக்காகச் செய்ததே இல்லை.

எனக்கு ஜெராக்ஸ் கடை. டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட், அவ்வளவுதான். எனக்கும் விலை கூடியது வேண்டுமா? (பாறசாலை)

விலை கூடியது வேண்டாம், ஆனால் பேர் தெரியாததும் வேண்டாம் சேட்டா. கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ3 கம்ப்யூட்டர் இந்த வேலைகளுக்கு 100 வாட்டைத் தொடுவதே அபூர்வம். அதனால் வாட் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. மலிவு யூனிட்டில் சேர்க்காமல் விட்டுவிடுவது பாதுகாப்பு சர்க்யூட்டைத்தான். வோல்ட் ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக அணைய வேண்டியது அணையாமல் போனால் போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். உங்கள் டிஸ்க்கில் ஊர்க்காரர்களின் ஆவணங்கள் கிடக்கின்றன. நல்ல பிராண்டின் 400, 450 வாட் ஆரம்ப மாடலே போதும். 80 ப்ளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் போகவில்லை. (களியக்காவிளை)

அக்கா, எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்து உடம்புத் தகட்டுக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தகட்டிலேயே நிற்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும், வெறுங்கால் என்றால் விரலில் கடிக்கும். மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பது சகஜம். வயர்மேனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230 பக்கம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எர்த் குழியிலிருந்து சரிபார்க்க வேண்டும். இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே உள்ளே பழுதாகி முழுக் கரண்டும் தகட்டுக்கு வந்தால், எர்த் இல்லாத வீட்டில் உயிருக்கே ஆபத்து.

ஐப்பசி இடிக்கு ஸ்பைக் கார்டு (வோல்ட் திடீரென ஏறுவதைத் தடுக்கும் பிளக் போர்டு) போதாதா? (குழித்துறை)

போதாது. மலைப் பக்கமிருந்து மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நெட் வயரையும் கழற்றுங்கள், பல போர்டுகள் அந்த வழியாகத்தான் சாகின்றன. ஸ்பைக் கார்டு சின்ன ஏற்றத்துக்கு உதவும், பக்கத்துத் தென்னையில் விழுந்த மின்னலுக்கு உதவாது.

புது எஸ்.எம்.பி.எஸ். போட்டபின் கரண்ட் போனால் யு.பி.எஸ். உடனே அணைகிறது. (மார்த்தாண்டம்)

யு.பி.எஸ்.ஸில் 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் நடுவே கரண்ட் போனால் தாங்காது. சும்மா இருக்கும்போதும் அணைந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால், ஆக்டிவ் பி.எஃப்.சி. (கரண்டை அலைக்கு ஏற்றபடி சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும், மலிவு யு.பி.எஸ். தரும் படிக்கட்டு மாதிரியான கட்டை அலைக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் யு.பி.எஸ். போட்டால் சரியாகும்.

பழைய மாடுலர் (வயர்களைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வயர்களைப் புதியதில் சொருகலாமா? (பாறசாலை)

வேண்டாம். டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான், எஸ்.எம்.பி.எஸ். பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். சொருகினால் உள்ளே போகும், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் எரிந்துவிடலாம். பெட்டியில் வந்த வயரை மட்டும் போடுங்கள், பழையதை அதன் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.