குட்டி மிச்சம் வைத்த உணவை மறுபடி கொடுக்கலாமா?

கேள்வி: ஒன்பது வாரப் பொமரேனியன் குட்டி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. எடை 1.2 கிலோ. காலையும் இரவும் பப்பி உணவைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறேன். மதியம் கோழி சாதம். பாதிதான் சாப்பிடுகிறது. பசித்தால் சாப்பிடட்டும் என்று கிண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு, மாலையில் அதன் மேலேயே புதிதைப் போடுவேன். சில நாள் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துச் சூடுபண்ணிக் கொடுத்தேன். நேற்றிலிருந்து மலம் இளகலாகப் போகிறது. எவ்வளவு, எத்தனை வேளை கொடுக்க வேண்டும்? மிச்சத்தை என்ன செய்வது? — வாசகி, திருச்சி

பதில்: முதலில் பாலை இன்றே நிறுத்துங்கள். தாய்ப்பாலை விடப் பசும்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம். அது செரிக்காத குட்டிகளுக்கு வயிறு இளகும். பப்பி உணவை ஊறவைக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும்; மூழ்கும் அளவு ஊற்றி 10 நிமிடம் விட்டால் விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வந்துவிடும். குட்டி துள்ளி விளையாடி, பசியும் இருந்தால், பாலை நிறுத்தி ஒரு நாள் பார்க்கலாம். வாந்தி, மலத்தில் ரத்தம், சோர்ந்து படுத்தல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி முழுமையாக முடியாத வயது என்பதால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயாகவும் இருக்கலாம். அது ஒரே நாளில் நிலைமையைப் புரட்டிவிடும். குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் பாருங்கள். 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும்.

அளவுக்கு வருவோம். இந்த எடையும் வயதும் உள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு சுமார் 240 கிலோ கலோரி தேவை. உங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை கிலோ கலோரி என்று போட்டிருக்கும். 380 என்றிருந்தால் நாளுக்கு 63 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 16 கிராம்கூட இல்லை. கைப்பிடிக் கணக்கில் போட்டால் இது எளிதில் இரட்டிப்பாகிவிடும். குட்டி பாதி மிச்சம் வைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சமையலறைத் தராசில், உலர்ந்த நிலையிலேயே எடை போட்டுவிட்டு ஊறவையுங்கள். இது தொடக்கக் கணக்குதான். வாரம் ஒரு முறை குட்டியையும் எடை பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். நான்கு மாதம் தாண்டியதும் வளர்ச்சி வேகம் குறைவதால், எடை 2 கிலோ ஆனாலும் தேவை ஏறக்குறைய அதே 240-லேயே நிற்கும். வளர்கிறதே என்று அளவை ஏற்றிக்கொண்டே போவதால்தான் பொமரேனியன்கள் ஒரு வயதுக்குள் குண்டாகிவிடுகின்றன.

மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் பள்ளி, அலுவலகம் போகும் வீட்டுக்கும் ஒத்துவரும். பெரிய இன நாய்க்கு ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது. 1.2 கிலோ குட்டியின் ஈரலிலோ தசையிலோ சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. சில மணி நேரம் வெறும் வயிறாக இருந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் மந்தமாக இருக்கும். பிறகு குடித்தவர் போலத் தள்ளாடும், உடல் நடுங்கும், வலிப்பும் வரலாம். அப்படிப் பார்த்தால் அரை டீஸ்பூன் தேனையோ, சொட்டுத் தண்ணீரில் குழைத்த குளுக்கோஸ் பவுடரையோ ஈறிலும் உதட்டின் உள்பக்கமும் தடவிவிட்டு, துணியில் சுற்றி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

இந்தப் பயத்தில்தான் பலர் கிண்ணத்தை நாள் முழுக்க நிரப்பியே வைக்கிறார்கள். குட்டி பட்டினி கிடக்கக் கூடாது என்பது சரிதான். அதற்கு வழி, அடிக்கடி புதிதாகக் கொஞ்சம் வைப்பது. உலர்ந்த உருண்டையில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான் என்பதால் கிருமி பெருகாது. தண்ணீர் பட்டதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதோடு குட்டியின் எச்சிலும் கலக்கிறது. இட்லி மாவு பொங்குகிற அதே சூட்டில் அந்தக் கிண்ணமும் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஊறிய உணவு, டின் உணவு, சாதம் எதுவானாலும் 20 நிமிடம் வையுங்கள். குட்டி நகர்ந்துவிட்டால் எடுத்துவிடுங்கள். எந்தக் காரணத்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், திருச்சி வெயிலுக்கு அதுவே அதிகம். ஊறவைக்காத உணவு மட்டும், காய்ந்தும் எறும்பில்லாமலும் இருந்தால், இரவு வரை கிண்ணத்தில் இருக்கலாம்.

வாய் வைத்த மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துச் சூடுபண்ணுவதை விட்டுவிடுங்கள். சூடு கிருமியைக் கொல்லும். சில கிருமிகள் அதற்குள் கக்கிவிட்ட நஞ்சு கொதித்தாலும் அழியாது. சாதத்தில் இது இன்னும் மோசம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் சோறு வெந்தாலும் சாகாமல், வெளியில் ஆறும் சோற்றில் முளைத்து நஞ்சு கக்கும். ஆகவே கோழி சாதத்தை அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை வாய் வைக்கும் முன்பே மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். திறந்த டின்னுக்கும் இதே கணக்கு. கொடுக்கும்போது அந்த வேளைக்கானதை மட்டும் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும், மணம் எழும்பிக் குட்டி தானே வரும்.

கோழி சாதம் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். எலும்பில்லாத கறியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதுவே முக்கிய உணவானால் வளரும் எலும்பு வளையும், முறியும். நல்ல பப்பி உணவே முக்கிய உணவாக இருக்கும்போது கால்சியம் டானிக் தேவையில்லை. சாம்பார், குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுக்கவே கூடாது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், சின்ன வெங்காயமும் விலக்கல்ல.

பழையதின் மேல் புதிதைப் போட்டால் புதிதும் கெடும். அதைவிட, குட்டி எவ்வளவு சாப்பிட்டது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகிறது. மிச்சத்தைக் கொட்டும் முன் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வேளைக்குக் கால்வாசி தொடர்ந்து மிஞ்சினால் அளவைக் குறைக்கலாம். எப்போதும் சாப்பிடும் குட்டி திடீரென்று முழுசாக மிச்சம் வைத்தால் அது நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாக ஒரு ஸ்பூன் வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு வேளை தொடவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கொட்டும் மிச்சத்தை மூடியுள்ள மட்கும் குப்பைத் தொட்டியில் போடுங்கள். காம்பவுண்டு சுவரோரம் கொட்டினால் எலி வரும். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் குட்டிக்கும் வரும், வீட்டுக் குழந்தைகளுக்கும் வரும். எவர்சில்வர் கிண்ணமாக வாங்கி, ஒவ்வொரு வேளையும் சோப்பு போட்டுத் தனி நாரால் தேயுங்கள். விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கிறதே, அந்தப் படலம் முழுக்கக் கிருமி, தண்ணீரில் அலசினால் மட்டும் போகாது. எறும்புக்குத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கிண்ணத்தை வையுங்கள். மருந்துச் சாக்பீஸ் கோடு போட்டால் குட்டி நக்கிவிடும்.

உணவுப் பாக்கெட்டை வேறு டப்பாவில் கொட்டாமல், பையோடு சுருட்டிக் கிளிப் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஆறு வாரத்துக்குள் முடியுங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் பை முழுவதையும் தூக்கிப் போட வேண்டும். பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மருத்துவரிடம் போக நேர்ந்தால் பையில் உள்ள பேட்ச் எண்ணையும் மலத்தையும் படம் எடுத்துக்கொண்டு, சிறு டப்பாவில் புதிய மலம் கொஞ்சம் கொண்டுபோங்கள். புழுவா இல்லையா என்பதை மைக்ரோஸ்கோப்பில் அங்கேயே பார்த்துவிடலாம்.